ஓடாமல் ஓடிய கார்

கதவைத் திறந்துவிடாதீர்கள், அம்மா. அந்தப் பிடியிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். மெதுவாக. அவ்வளவுதான். அந்தப் பக்கம் தரை இல்லை. இல்லை என்று சொல்வதும் சரியல்ல; இருக்கிறது, ஏழடி கீழே இருக்கிறது.

நீங்கள் உணரவில்லை, இல்லையா? போன வாரம்தான் இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டார்கள். நீங்கள் குனிந்து இன்ஷூரன்ஸ் தாளைப் படித்துக்கொண்டிருந்தீர்கள், நான் அதிலுள்ள ஒரு பிழையை விளக்கிக்கொண்டிருந்தேன். பல் டாக்டர் வந்து ஹாரன் அடித்தார். வாட்ச்மேன் லக்கிந்தர் சாவியைத் திருப்பினான். நாம் மேலே வந்துவிட்டோம். நடந்தது இவ்வளவுதான்.

விளக்கிவிடுகிறேன், விளக்கம் தெரிந்தால் பாதி பயம் போய்விடும். இந்த அப்பார்ட்மெண்டில் பதினாறு வீடுகள், கார் நிறுத்த எட்டு இடங்கள். அதனால் பில்டர் ஒவ்வோர் இடத்திலும், ஒன்றின் மேல் ஒன்றாகக் கார் நிற்கிற இந்த இரட்டைத் தட்டைப் போட்டுக் கொடுத்தார். இந்த இடத்தில் மேல் தட்டு எனக்கு. கீழ் இடம் மூன்றாவது மாடிப் பல் டாக்டர் பிரசன்னாவுக்கு. என் கார் இறங்க வேண்டுமானால் அவர் கார் வெளியே போக வேண்டும். அவர் கார் உள்ளே வர வேண்டுமானால் என் கார் மேலே போக வேண்டும். ஒருவருக்கொருவர் தயவில் வாழ்கிறோம். நாம் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, தட்டின் மேல் நிறுத்தி, ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு காகிதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் சாப்பாட்டுக்கு வந்துவிட்டார். இப்போது நமக்குக் கீழே அவருடைய வெள்ளைக் கார் நிற்கிறது.

அவரைக் கூப்பிடலாமே என்கிறீர்கள். கூப்பிட முடியாது. சாப்பிட்டதும் படுத்துவிடுவார். ஐந்தரைக்கு மறுபடியும் கிளினிக் போவார். நடுவில் அவர் வீட்டு மணியை யாரும் அடிக்கக் கூடாது என்று அவர் மனைவி அசோசியேஷன் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார். காலை முழுவதும் மற்றவர்கள் வாயைப் பார்க்கிற மனிதர், மத்தியானம் ஒருவர் முகத்தையும் பார்க்க விரும்பமாட்டார். அது நியாயம்தான்.

லக்கிந்தரைத் திட்டாதீர்கள். ஆமாம், ஆள் உள்ளே இருக்கும்போது தட்டை உயர்த்தக் கூடாது என்று பலகை இருக்கிறது. மூன்று மொழியில் இருக்கிறது. அதன் தமிழைத் திருத்திக் கொடுத்தவனே நான்தான். ஆனால் லக்கிந்தர் அசாம்காரன், மூன்றில் ஒன்றும் அவனுக்கு வாசிக்க வராது. தமிழில் அவனுக்கு இரண்டு வார்த்தை தெரியும். மேலே, கீழே. இந்த வேலைக்கு அது தாராளம். அப்புறம், நான் காருக்குள் உட்கார்ந்திருந்தால் மேலே அனுப்ப வேண்டும் என்று அவன் மனதில் பதிந்துவிட்டது. ஏன் பதிந்தது என்பது வேறு விஷயம். காருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

என் போன் வீட்டில் இருக்கிறது. கீழே வரும்போது நான் அதை எடுத்து வருவதில்லை. எடுத்து வந்தால் வருவதில் அர்த்தமே இல்லாமல் போய்விடும்.

சரி, எப்படியும் உட்கார்ந்துவிட்டோம். நீங்கள் காரை மதிப்பிட வந்தவர். இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? மற்றவர்கள் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு டயரை உதைத்துவிட்டுப் போகிறார்கள். டயரை உதைத்து என்ன தெரிந்துகொள்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரிந்ததில்லை. உங்கள் வீட்டுக்காரர் மஸ்கட்டிலிருந்து அனுப்பிய கேள்விகள் போனில் இருக்கின்றன அல்லவா, ஒவ்வொன்றாகக் கேளுங்கள். நான் முப்பத்து நான்கு வருஷம் அரசு அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தினவன். ஒரு வரியையும் தாண்டிப் போகமாட்டேன். நான் பேசுவதே அச்சடித்த மாதிரி இருக்கிறது என்று கோமளா சொல்வாள். கோமளா என் மனைவி, உங்களிடம் போனில் பேசியவள். அவள் அதைப் பாராட்டாகச் சொல்கிறாளா என்று நான் கேட்டுக்கொண்டதில்லை.

வெள்ளத்தில் மூழ்கியதா? நல்ல கேள்வி. உங்கள் சீட் பெல்ட்டை முழுக்க இழுங்கள். இன்னும், அடிவரை. வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருந்தால் அந்தக் கடைசி முழத்தில் சேறு படிந்திருக்கும். கழுவுகிறவன் எல்லாவற்றையும் கழுவுவான், அதை மட்டும் மறந்துவிடுவான். சுத்தமாக இருக்கிறதா? இருக்கும். நகரமே முழங்கால் தண்ணீரில் நின்றபோது இந்தக் கார் இங்கே மேலே உலர்ந்து உட்கார்ந்திருந்தது. டாக்டருடைய பழைய கார் கீழே பொம்மைக் கப்பல் மாதிரி மிதந்தது. அதற்கப்புறம் வாங்கியதுதான் இந்த வெள்ளை.

ஹைபிரிட் பேட்டரி பின் சீட்டுக்கு அடியில். அங்கே ஓரமாக ஒரு காற்று வலை இருக்கிறது பாருங்கள், பேட்டரி அதன் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. இந்த மாதிரி கார் வாங்குகிறவர்களில் பத்தில் எட்டுப் பேர் அதைப் பார்ப்பதே இல்லை. குழந்தைகள் முறுக்குத் துகளைக் கொட்டுவார்கள், நாய் முடி அடைத்துக்கொள்ளும், பேட்டரி சூடேறிச் சாகும். இதில் ஒரு தூசு கிடையாது. பின் சீட்டில் யாரும் உட்கார்ந்ததே இல்லை.

பிரேக் கட்டைகள் புதுசு மாதிரி இருக்கும். வேகம் குறையும்போது மோட்டாரே வண்டியைப் பிடித்து அந்தச் சக்தியைப் பேட்டரிக்குத் திருப்பிவிடும், பிரேக்குக்கு வேலை கம்மி. டிக்கி கொஞ்சம் சின்னது. அதைச் சொல்லிவிட வேண்டும். சாதா பேட்டரி ஒன்று தனியாக இருக்கிறது, அதை இரண்டு முறை மாற்றியாயிற்று. இடது கதவில் உள்ள கோடு தூணில் உரசியது. தூணின் மேல் தவறில்லை. மாமனாருக்கு இடுப்பு ஆபரேஷன் ஆயிற்று, உயரமான வண்டியில் ஏற முடியாது, அதனால்தான் செடான் தேடுகிறோம் என்றீர்கள். அதற்கு இது சரியான உயரம். மனிதர் நாற்காலியில் உட்காருவதைப் போல உட்காரலாம். கார் தரையில் நிற்கும்போதைச் சொல்கிறேன்.

விளம்பரத்தில் 'வயதுக்கேற்ற நிலையில் உள்ளது' என்று படித்திருப்பீர்கள். அது என் வாசகம். 'புது வண்டி போல் உள்ளது' என்று கோமளா போட்டிருந்தாள். போல் என்றால் என்ன? ஒன்று புதிது, இல்லையென்றால் பழையது. மாற்றினேன். கீழே பத்துக் குறைகளையும் சேர்த்தேன். "விக்கணும்னு போட்ட விளம்பரமா, வாங்காதேன்னு போட்ட விளம்பரமா இது?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்தது உண்மைதான், விற்பனை தெரியாது என்றேன்.

என்ன பார்க்கிறீர்கள்? ஆ. அதைப் பார்த்துவிட்டீர்களா.

ஏழு புள்ளி இரண்டு. ஆமாம், லிட்டருக்கு ஏழு புள்ளி இரண்டு கிலோமீட்டர். இருபதுக்கு மேல் காட்ட வேண்டிய வண்டி. உங்கள் முகம் போகிற போக்கு எனக்குத் தெரியும், உங்களுக்கு முன்னால் வந்த ஒருவர் முகமும் அப்படித்தான் போயிற்று. போரூரிலிருந்து வந்த ஒரு கான்ட்ராக்டர். எல்லாம் பார்த்துத் திருப்திப்பட்டு, முன்பணம் எடுக்கப் பையில் கையை விட்டவர், இந்த எண்ணைப் பார்த்துவிட்டுக் கையை வெறுமனே வெளியே எடுத்தார். "பேட்டரி போயிடுச்சு சார், மறைக்காதீங்க" என்றார். மறைக்கிறவன் அந்த எண்ணை அழித்திருக்கமாட்டானா? ஒரு பொத்தானைக் கொஞ்ச நேரம் அழுத்தினால் அது பூஜ்யமாகிவிடும். கோமளாவும் அதைத்தான் சொல்கிறாள்: "அழுத்தித் தொலைங்களேன்." மாட்டேன். நடந்ததை அழிக்கக் கூடாது.

அதற்கப்புறம் வந்த தம்பதி இந்த எண்ணைப் பார்க்கவே இல்லை. அவர்களுக்கு வண்டி நம்பர்தான் முக்கியம். ஐந்து, ஆறு, இரண்டு, நான்கு. அந்த அம்மாள் விரல்விட்டுக் கூட்டி, "பதினெட்டு, ஒன்பது வருது, நமக்கு ஒன்பது ரொம்ப நல்லதுங்க" என்றார். கணவர் மஞ்சள், குங்குமம், எலுமிச்சம்பழம் எல்லாம் பையிலேயே கொண்டு வந்திருந்தார். எனக்கு இந்தக் கணக்கில் நம்பிக்கை கிடையாது. ஆனால் நம்பிக்கை இல்லாத கணக்காக இருந்தாலும் கூட்டல் சரியாக இருக்க வேண்டும் அல்லவா? "பதினேழுங்க, எட்டு வருது" என்றேன். எட்டு என்றதும் அந்த மனிதர் இரண்டு அடி பின்னால் போய் நின்றார். எலுமிச்சம்பழத்தைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். கோமளா அன்றைக்கு என்னோடு பேசவில்லை. நான் என்ன தப்புச் செய்தேன், சொல்லுங்கள். கூட்டினேன்.

கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்கிறீர்கள். சொல்கிறேன். பேட்டரி நன்றாக இருக்கிறது, சர்வீஸ்காரன் போட்ட ரிப்போர்ட் அந்தக் கவரிலேயே இருக்கிறது. வண்டி ஓடாமல் ஓடியிருக்கிறது. அதனால்தான் அந்த எண். இப்போது நாம் உட்கார்ந்திருக்கிறோமே, இதே மாதிரி. நிற்கிறது, ஆனால் ஏ.சி. ஓடுகிறது. சத்தம் கேட்கிறதா? கேட்காது. பேட்டரியில் ஓடுகிறது. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை எஞ்சின் விழித்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, பேட்டரிக்கு ஊட்டிவிட்டு மறுபடி தூங்கிவிடும். பெட்ரோல் செலவாகும், தூரம் ஏறாது. கிலோமீட்டரை லிட்டரால் வகுத்தால் ஏழு புள்ளி இரண்டுதான் வரும். ஆகவே நீங்கள் விலை பேசும்போது, மீட்டர் காட்டுவதைவிட எஞ்சினுக்குக் கொஞ்சம் அதிக வயது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இதை எந்த விற்பவனும் உங்களிடம் சொல்லியிருக்கமாட்டான்.

யார் உட்கார்ந்திருந்தார்கள் என்றா கேட்கிறீர்கள்? நான்தான்.

தினமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் டாக்டர் கார் நகராது. மற்ற நாட்களில் அவர் சாப்பாட்டுக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் நான் இறங்கி வந்து உட்கார்ந்துகொள்வேன். அவர் வருவார், லக்கிந்தர் மேலே ஏற்றுவான். ஐந்தரைக்கு அவர் போவார், லக்கிந்தர் கீழே இறக்குவான். நடுவில் ஒரு புத்தகம், ஒரு குறுக்கெழுத்து. அவ்வளவுதான். சிரிக்காதீர்கள். கோயிலுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள், பூங்காவுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

காரணம் என் மச்சான். கோமளாவின் அண்ணன், தணிகாசலம். மனைவி இறந்து அரக்கோணத்தில் தனியாக இருந்தவர். போன ஐப்பசியில், மழை பிடித்த வாரத்தில், கண்ணில் புரை எடுக்க வந்தார். ஒரு கண்ணுக்காக வந்தார். அது சரியானதும் இன்னொரு கண் தெரியவில்லை என்று கண்டுபிடித்தார்கள். இரண்டும் சரியாகிவிட்டது. இப்போது இரண்டு கண்ணாலும் எங்கள் டி.வி.யைப் பார்க்கிறார். காது மட்டும் கொஞ்சம் மந்தம், அதற்கு யாரும் ஆபரேஷன் சொல்லவில்லை. காலை எட்டு மணிக்கு ஆரம்பிக்கும். செய்தி, விவாதம், மறு விவாதம். நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள், இவர் ஐந்தாவதாகச் சேர்ந்துகொள்வார். என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "மாப்ளே, இங்க வாங்க, இவன் என்ன சொல்றான்னு கேளுங்க" என்பார். அவன் சொல்வது தெருக்கோடிவரை கேட்கிறது. என் குறுக்கெழுத்தைக்கூட அவர்தான் முதலில் எடுக்கிறார். பேனாவால் நிரப்புகிறார், அம்மா. தப்பான விடையைப் பேனாவால்.

எப்போது ஊருக்குப் போவார் என்று எப்படிக் கேட்பது? மனைவியின் அண்ணன். அவளுக்கோ அவர் இருப்பது கொண்டாட்டம். சொல்லமாட்டாள், ஆனால் எனக்குத் தெரியும். அவர் வந்ததிலிருந்து அடுக்களையை விட்டு வெளியே வருவதில்லை, கதவைச் சாத்திக்கொண்டு என்னவோ செய்துகொண்டே இருக்கிறாள். மிக்ஸி ஓயாமல் ஓடுகிறது. அண்ணனுக்குச் சட்னி, அண்ணனுக்குத் துவையல். ஒருநாள் தண்ணீர் குடிக்க உள்ளே போனேன். மிக்ஸி ஓடிக்கொண்டிருக்கிறது, ஜாரில் ஒன்றுமே இல்லை. கோமளா கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறாள். "என்னடி, காலியாக ஓடுகிறது, மோட்டார் புகைந்துவிடும்" என்று நிறுத்தினேன். என்னைப் பார்த்தாள். வயதாகிறது, மறதி. துணி காயப்போடுவதும் அப்படித்தான். மொட்டை மாடிக்கு ஒரு நாளைக்கு மூன்று தடவை போகிறாள், மழை பெய்கிற அன்றும். பின்னே எங்கே காயும்?

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

எனக்குக் கிடைத்தது இந்தக் கார்தான். இது மகள் வாங்கிக் கொடுத்தது. டொரான்டோவிலிருந்து, எழிலரசி. "அம்மாவும் நீங்களும் ஊர் ஊராப் போங்கப்பா, ஹைபிரிட், புகையும் கம்மி, செலவும் கம்மி" என்றாள். காஞ்சிபுரம் இரண்டு தடவை போனோம். கோமளா பக்கத்து சீட்டில், இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில், ஒரு வார்த்தை பேசாமல் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். தூக்கமா என்று கேட்டேன். "இல்ல, நல்லாருக்கு" என்றாள். அப்புறம் மழை, அப்புறம் மச்சான், எங்கேயும் போக முடியவில்லை. அவரைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவது என்று நான்தான் சொன்னேன். மரியாதை என்று ஒன்று இருக்கிறதே.

முதல் தடவை மேலே வந்தது தற்செயல்தான், இன்றைக்கு உங்களுக்கு நேர்ந்த மாதிரியே. காருக்குள் குடையைத் தேடிக்கொண்டிருந்தேன், லக்கிந்தர் கவனிக்காமல் ஏற்றிவிட்டான். முதலில் எனக்கும் படபடப்பு. கத்தினேன். கண்ணாடி மூடியிருந்தது, யாருக்கும் கேட்கவில்லை. அப்போதுதான் கவனித்தேன். யாருக்கும் கேட்கவில்லை என்றால் எனக்கும் யார் குரலும் கேட்கவில்லை. ஏ.சி.யைப் போட்டேன். சீட்டைக் கொஞ்சம் சாய்த்தேன். வீட்டில் மூன்று மாதமாக ஒரு பக்கம் தொடர்ந்து படிக்க முடியாதவன், அன்றைக்கு நாற்பது பக்கம் படித்தேன். இறங்கும்போது லக்கிந்தர் பயந்துபோய்க் கையெடுத்துக் கும்பிட்டான். மறுநாள் நானே போய் உட்கார்ந்து, "மேலே" என்றேன். அப்புறம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கோமளாவைக் கூப்பிட்டேனா? எங்கே கூப்பிடுவது? இங்கேயா? அவளுக்கு உயரம் ஆகாது, தலை சுற்றும். சொன்னதில்லை, ஆனால் சுற்றும் என்றுதான் நினைக்கிறேன். ஒருநாள் நான் செருப்பு மாட்டும்போது, "நானும் வரட்டுமா?" என்று கேட்டாள். "எங்கே வரப்போகிறாய், வண்டி எங்கேயும் போகவில்லையே" என்றேன். "போகலேன்னா என்ன" என்றாள். நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அண்ணனை விட்டுவிட்டு அவள் எங்கே வருவாள்?

விற்கிற பேச்சு எப்படி வந்தது என்றால், அதையும் சொல்லிவிடுகிறேன், மணி இன்னும் மூன்றரைதான். போன மாசம் ஒருநாள் இங்கே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். நகைச்சுவைக் கட்டுரை, நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். தற்செயலாகக் கீழே பார்க்கிறேன், கோமளா நிற்கிறாள். லக்கிந்தர் பக்கத்தில், அண்ணாந்து என்னையே பார்த்துக்கொண்டு. எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. கண்ணாடி வழியாக, என்ன என்று கையால் கேட்டேன். ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினாள். ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். நான் அந்தப் பக்கத்தை முடித்துவிட்டு, கட்டுரையையும் முடித்துவிட்டு, வழக்கமான நேரத்துக்கு இறங்கினேன்.

மறுநாள் காலையில் விளம்பரம் வந்துவிட்டது. டாக்டர் மனைவி போனில் போட்டுக் கொடுத்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "எதுக்கு இந்தக் கார்? எங்கியும் போகாத காரு" என்றாள். எழிலரசியைப் போனில் கேட்டேன். "அப்பா, அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று வைத்துவிட்டாள். நான் என்ன சொல்ல முடியும்? ஆர்.சி. புத்தகத்தில் பெயர் கோமளவல்லி. மகள் அம்மா பெயரில்தான் வாங்கினாள். ஆகவே விற்கிறோம். நான் தடுக்கவில்லை. வருகிறவர்களுக்கு உண்மையைச் சொல்கிறேன், அவ்வளவுதான். ஆனால் உங்களிடம் சொல்வதற்கென்ன, இது போய்விட்டால் மத்தியானங்களில் நான் எங்கே போவது என்று தெரியவில்லை. அதைக் கோமளா யோசித்தாளா? அவளுக்கென்ன, அவளுக்கு வீடு இருக்கிறது.

உங்கள் பெண் டியூஷன் முடிந்து நிற்பாளா? அப்படியானால் கஷ்டம்தான். கோமளாவின் எண் எனக்கு மனப்பாடம் இல்லை, என் போனில் பெயர்தான் வரும். ஓ, உங்களிடம் இருக்கிறதே. விளம்பரத்துக்கு நீங்கள் பேசியதே அவளிடம்தானே. வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. பேசுங்கள். நான் இந்தப் பக்கம் பார்த்துக்கொள்கிறேன்.

முடிந்ததா? ஒட்டுக்கேட்கவில்லை, ஆனால் காருக்குள் காதை எங்கே கொண்டுபோய் வைப்பது? "ஆமா ஆன்ட்டி, மேலதான், அங்கிள்கூட. இல்ல ஆன்ட்டி, பயமெல்லாம் போயிடுச்சு. குளுகுளுன்னு இருக்கு, ஒரு சத்தம் இல்ல, வேற எங்கியோ இருக்கற மாதிரி இருக்கு" என்றீர்கள். நல்லது. காரைப் பற்றி மூன்றாம் மனுஷர் வாயால் கேட்டால்தான் அவளுக்கு மதிப்புத் தெரியும். அப்புறம் அவள் ஒன்றும் பேசவில்லை போலிருக்கிறது, நீங்கள் இரண்டு தடவை "ஹலோ" என்றீர்கள். பின்னால் டி.வி. கேட்டதா? அதுதான் என் மச்சான்.

என்ன சொன்னாள்? 'இதோ வரேன்' என்றாளா? டாக்டரை எழுப்புவதாகவா? எழுப்பமாட்டாள். அவள் யார் வீட்டு மணியையும் அடிக்கிறவள் இல்லை. நாற்பது வருஷமாக எனக்குத் தெரியும்.

அதோ, டாக்டர். லுங்கியோடு வருகிறார். நான் சொன்னது தப்பாகிவிட்டது. பாருங்கள், மனிதர் பாதித் தூக்கத்தில் ரிவர்ஸ் எடுக்கிறார். நிமிர்ந்து உட்காருங்கள், அம்மா. இறங்கும்போது லேசாக ஆடும். காகிதங்களை எடுத்துக்கொண்டீர்களா? கோமளாவும் நிற்கிறாள். கையில் ஃபிளாஸ்க் இருக்கிறது, நமக்குக் காபியாக இருக்கும். கை இடுக்கில் ஒரு தலையணை. அது எதற்கு என்று தெரியவில்லை. உங்கள் முதுகுக்கோ என்னவோ.

இப்போது இறங்கலாம். பார்த்து, அந்தப் பக்கம் விளிம்பு இருக்கிறது.

கோமளா, இவங்கதான் ஹெப்சிபா. எல்லாத்தையும் பார்த்துட்டாங்க. ஏழு புள்ளி இரண்டையும் சொல்லிட்டேன். என்ன? தள்ளி நிக்கணுமா? நின்னுட்டேன். கோமளா, அது டிரைவர் சீட். உனக்கு ஓட்டத் தெரியாதே. ஃபிளாஸ்கை எதுக்கு உள்ள எடுத்துட்டுப் போற? இவங்க இங்க நிக்கறாங்க.

கேட்டீர்களா? உங்களிடம்தான் சொன்னாள். "நாளைக்குச் சொல்றேம்மா." அது வாங்குகிறவர்கள் சொல்கிற வார்த்தை. விற்கிறவர்கள் சொல்லி நான் கேட்டதில்லை.

கோமளா, டாக்டர் வண்டி ரோட்டுல நிக்குது. அவர் உள்ள கொண்டு வரணும். நீ வெளியே வந்தாத்தான்... கோமளா, கதவு. லக்கிந்தர், நில்லு. அம்மா உள்ளே இருக்காங்க. பலகை பார், பலகை.

"மேலே" என்றாள். நீங்களும் கேட்டீர்கள் அல்லவா? அவன் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், சாவியைத் திருப்பிவிட்டான். ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

டாக்டர், மன்னிச்சுக்குங்க. கொஞ்சம் முன்னாடியே நகர வேண்டியதாயிடுச்சு. நீங்க போடுங்க. இல்ல, பரவாயில்ல, போடுங்க. ஐந்தரைக்குத்தானே? சரி.

நீங்கள் கிளம்புங்கள், அம்மா. பெண் காத்திருப்பாள். இல்லை, என்னைத் தனியாக விடுவதாக நினைக்காதீர்கள். அவளுக்குத் தலை சுற்றினால் நான் இங்கே இருக்க வேண்டும். சுற்றுகிற மாதிரி தெரியவில்லை. சீட்டைச் சாய்த்துவிட்டாள். எப்படிச் சாய்ப்பது என்று எப்போது பார்த்தாளோ. எஞ்சின் ஓடுகிறதா என்று கேட்கிறீர்களா? இங்கிருந்து சொல்ல முடியாது. அதைத்தான் நான் உங்களுக்கு முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அதோ, பால்கனியில். அவர்தான். "மாப்ளே, கோமு எங்க? காபி யாரு போடறது?" கேட்கிறது, மச்சான். தெருவுக்கே கேட்கிறது. வரேன்.

பாருங்கள், கண்ணைத் திறந்துவிட்டாள். என்ன என்று கையால் கேட்டேன்.

ஒன்றுமில்லை என்று கையை ஆட்டுகிறாள்.